எல்.இ.டி. பல்புக்குள் மஞ்சள் பொடி: கேள்வி பதில்

கேள்வி: எரியாத எல்.இ.டி. பல்பைப் பிரித்துப் பார்த்தேன் சார். உள்ளே எல்லாம் மஞ்சள் பொட்டுகள். அப்புறம் வெளிச்சம் எப்படி வெள்ளையாக வருகிறது?

அந்த மஞ்சள்தான் பாஸ்பர். அடியில் உள்ள சிப் தருவது சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளி மட்டுமே. அதில் ஒரு பங்கைப் பாஸ்பர் விழுங்கி, 550-ஐ ஒட்டிய மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் கண்ணில் கலந்தால் வெள்ளை. பொடியின் பெயர் யாக்: இட்ரியம் அலுமினியம் கார்னெட், அதில் ஒளி தருவதற்காகத் துளி சீரியம் என்ற உலோகம். ஜப்பானின் நிச்சியா நிறுவனம் 1996-ல் இந்த வகை வெள்ளை எல்.இ.டி.யை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கேள்வி: பாஸ்பர் என்றால் பாஸ்பரஸா? குழந்தைகள் இருக்கும் வீடு.

இல்லைங்க, பெயர்தான் ஒன்றுபோல. யாக்கில் பாஸ்பரஸ் கிடையாது. பழைய டியூப்லைட் உடைந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதில் இருக்கும் பாதரசம்தான் கவலை.

கேள்வி: எம்.எஸ்சி. படிக்கிறேன். பாஸ்பரில் ஒளி தரச் சேர்க்கும் யூரோப்பியம் என்ற உலோகம் ஒரு கட்டுரையில் சிவப்பு, இன்னொன்றில் நீலம். எது சரி?

இரண்டும் சரிதான் அம்மா. அது எத்தனை எலக்ட்ரானை இழந்து அயனியாகியிருக்கிறது என்று பாருங்கள். மூன்றை இழந்த யூரோப்பியத்தில் ஒளி 4எஃப் என்ற உள் எலக்ட்ரான் மட்டங்களுக்குள்ளேயே பிறக்கிறது. வெளியே 5எஸ், 5பி எலக்ட்ரான்கள் குடை பிடிப்பதால், எந்தப் படிகத்தில் வைத்தாலும் கோடுகள் பெரிதாக நகராது. டியூப்லைட்டின் இட்ரியம் ஆக்சைடில் அது 611 நானோமீட்டர் சிவப்பு, ஊசி மாதிரி மெல்லிய கோடு.

இரண்டை மட்டும் இழந்ததில் எலக்ட்ரான் 5டி என்ற வெளி மட்டத்திலிருந்து இறங்குகிறது. 5டி-க்குக் குடை இல்லை. பக்கத்து அணுக்கள் இழுத்த இழுப்புக்கு வரும். அதனால்தான் பேரியம் மெக்னீசியம் அலுமினேட்டில் நீலம், ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டில் பச்சை, கால்சியம் அலுமினியம் சிலிக்கான் நைட்ரைடில் 650-ஐ ஒட்டிய சிவப்பு. ஒரே அயனி, வீட்டுக்கு வீடு வேறு நிறம்! சீரியமும் இந்த ஜாதிதான். ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், அயனியை விட்டுவிட்டுப் படிகத்தை மாற்றிப் பாருங்கள் என்பேன்.

கேள்வி: அப்படியானால் சீரியத்தை அள்ளிப் போட்டால் வெளிச்சம் கூடுமே?

கூடாது. அயனிகள் நெருங்கிவிட்டால் ஆற்றல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போய், ஏதாவது ஒரு படிகக் குறையில் சூடாக வீணாகும். நூறு இட்ரியத்தில் ஒன்றிரண்டை மாற்றுவதே வழக்கம்.

கேள்வி: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். அரக்குப் புடவை கடையில் பழுப்படிக்கிறது, வெளியே எடுத்துப்போனால் பளிச்சென்று இருக்கிறது. லைட்டில் குறையா அண்ணே?

லைட்டில்தான். வெறும் யாக் பொடியில் அடர்சிவப்பு போதாது. பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற மதிப்பெண்) 80 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அது எட்டு வெளிர்நிறங்களின் சராசரி, அரக்கு அந்தக் கணக்கிலேயே வராது. அடர்சிவப்புக்கான தனி மதிப்பெண்ணான ஆர்9 எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடை பாருங்கள். ஆர்9 நன்றாக உள்ள விளக்கில் பெரும்பாலும் நைட்ரைடு சிவப்பும் கலந்திருக்கும். அதே வாட்டில் வெளிச்சம் கொஞ்சம் குறையும், துணிக்கடைக்கு அது பரவாயில்லை.

கேள்வி: மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இந்த உலோகங்கள் எல்லாம் கிடைக்குமா?

அங்குள்ள மோனசைட் என்ற கனிமத்தில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் தாராளம். இட்ரியமும் யூரோப்பியமும் சொற்பம். கூடவே கதிரியக்கத் தோரியம் இருப்பதால் மோனசைட் அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது.