தொளதொளப்பு எதில் இருக்கலாம், எதில் கூடாது?

கேள்வி: ஒன்டாரியோவில் வசிக்கிறோம். என் 17 வயது மகன் இரண்டு குளிர்காலமாக டெரெயின் பார்க்கில் (தாவும் மேடுகளும் வழுக்கும் கம்பிகளும் அமைத்த பனிச்சறுக்குத் திடலில்) ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்குப் பழகி வருகிறான். இந்த ஆண்டு தன் அளவைவிட இரண்டு அளவு பெரிய ஜாக்கெட்டும் கால்சட்டையும், முன்னும் பின்னும் வளைந்த ‘ட்வின் டிப்’ பலகைகளும் வேண்டும் என்கிறான். இதெல்லாம் விளையாட்டுக்குத் தேவையா, வெறும் நாகரிகமா? எதற்குப் பணம் செலவழிக்கலாம்?

பதில்: பலகைகளைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொல்வது முழுக்கச் சரி. 1990-களில் மேட்டுச்சறுக்கு எனப்படும் மொகல் போட்டிகளில் தலைகீழாகச் சுழலும் வித்தைகளுக்குத் தடை இருந்தது. அதில் சலித்துப்போன மைக் டக்ளஸ், ஜே.பி. ஓக்லேர் முதலிய கனடிய இளைஞர்கள், விஸ்லர்-பிளாக்கோம் மலையில் ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்காரர்கள் துள்ளிக்கொண்டிருந்த பார்க்குகளுக்குள் நுழைந்தார்கள். பின்னோக்கி இறங்கும்போது தட்டையான வால் பனியில் குத்திக்கொள்ளும் என்பதால், வாலும் மூக்கைப் போலவே வளைந்த பலகை அவர்களுக்குத் தேவைப்பட்டது. சாலமன் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ‘டென் எய்ட்டி’ இந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான். காற்றில் மூன்று முழுச் சுற்றுக்கான 1080 பாகையே அதன் பெயர்.

உடை விஷயம் அவ்வளவு நேரானதல்ல. மொகல் வீரர்களின் கால்சட்டையில் முழங்காலுக்கு நேரே வேறு நிறத்தில் ஒரு பட்டை தைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முழங்கால்கள் எவ்வளவு ஒட்டி, எவ்வளவு சீராக ஏறி இறங்குகின்றன என்பதை நடுவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அது. பார்க்கின் மேடுகளிலும் கம்பிகளிலும் வித்தை காட்டும் ஸ்லோப்ஸ்டைல் போட்டியில் எடை போடப்படுவதோ உயரமும் சுழற்சியும், பலகையைக் கையால் பிடிக்கும் விதமும், இவை அனைத்தையும் அலட்டிக்கொள்ளாமல் செய்யும் நேர்த்தியும். அந்த நேர்த்தியை இளைஞர்கள் ‘ஸ்டீஸ்’ என்பார்கள். தளர்ந்த துணி காற்றில் ஒரு கணம் தாமதித்து அசைவதால் சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் அதற்குள் மறைந்து, அசைவு நிதானமாகத் தெரிகிறது என்பது என் கணிப்பு. ஸ்னோபோர்டிலிருந்தும் ஹிப்ஹாப்பிலிருந்தும் வந்த இந்தப் பாணி 2000-களில் முழங்காலைத் தொடும் டிஷர்ட்டு வரை போனது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில், ஸ்லோப்ஸ்டைல் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட அதே போட்டியில், சுவீடனின் ஹென்ரிக் ஹார்லாட்டின் கால்சட்டை ஓட்டத்தின்போதே இடுப்பைவிட்டு நழுவி இறங்கியதை உலகமே பார்த்தது. ஆகவே நாகரிகம்தான், ஆனால் காரணமற்ற நாகரிகம் அல்ல.

நான் மறுப்பது ‘இரண்டு அளவு பெரியது’ என்பதை மட்டுமே. பெரிய அளவு வேறு, தளர்ந்த வெட்டு வேறு. அளவைக் கூட்டி வாங்கினால் அகலத்தோடு நீளமும் கூடிவிடும்: சட்டைக்கை விரல்களை மூடும், இடுப்பு நழுவும், கால்சட்டையின் விளிம்பு பூட்ஸின் குதிகாலுக்கு அடியில் போய், பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்கின் பிரேக் கம்பியில் மாட்டும். பார்க்குக்கென்றே வெட்டப்பட்ட உடையில் இடுப்பு உடுத்துபவரின் அளவிலேயே இருக்கும். தொடையும் கால்சட்டையின் கீழ்வாயும் மட்டும் அகலும். கடைக்குப் போகும்போது சறுக்கு பூட்ஸையும் எடுத்துச் செல்லுங்கள். அதை அணிந்தபடி மகனை முழுக்கக் குந்தச் சொல்லி, ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்க் குதிகாலைத் தொடச் சொல்லுங்கள். அப்போது முதுகு வெளியே தெரியக் கூடாது. எழுந்து நின்றால் கால்சட்டை விளிம்பு தரையில் புரளக் கூடாது. உள்கணுக்கால் பக்கத்தில் தடித்த துணி வைத்துத் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மற்றக் காலின் பலகையிலுள்ள எஃகு விளிம்பு முதலில் கிழிப்பது அந்த இடத்தைத்தான். தொங்கும் நாடாக்களும் தோள்பட்டை வார்களும் லிஃப்ட் நாற்காலியில் சிக்கக்கூடியவை, அவற்றை உள்ளே செருகிவிட வேண்டும். பார்க்கில் விழுவதும் பனியில் உட்கார்வதும் அதிகம் என்பதால், கால்சட்டைக்கு நீர்த்தடுப்பு (துணி கசியாமல் தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரம்) 10,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பருத்தி ஹூடி மட்டும் போட்டுக்கொண்டு போவது அழகாக இருக்கலாம். நனைந்தபின் அது உடற்சூட்டை உறிஞ்சும்.

தொளதொளப்புக்கு இடமே இல்லாதவை பூட்ஸும் ஹெல்மெட்டும். வளர்கிற பிள்ளை என்று பள்ளிச் சீருடையை ஓர் அளவு கூட்டி வாங்கும் நம் வீட்டு வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். நேராக நிற்கும்போது பெருவிரல் பூட்ஸின் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். ஹெல்மெட்டில் ஏஎஸ்டிஎம் எஃப்2040 அல்லது இஎன் 1077 தரக்குறி இருக்கட்டும். பனிக்காப்புக் கண்ணாடிக்கும் (காகிள்ஸ்) ஹெல்மெட்டுக்கும் நடுவே நெற்றி தெரிந்தால் பார்க்கில் ‘கேப்பர் கேப்’ (விவரமறியாதவரின் இடைவெளி) என்று கேலி செய்வார்கள். குளிர்காற்றும் அந்த இடுக்கில்தான் புகும் என்பதால், இந்த ஒரு கேலியில் நியாயம் இருக்கிறது.

பலகையின் நீளம் முகவாய்க்கும் உச்சந்தலைக்கும் இடையில் இருந்தால் போதும். பைண்டிங்கைப் பலகையின் நட்டநடுவில் பொருத்த வேண்டும் என்று உங்கள் மகன் சொல்லலாம்; பார்க்கிலேயே இருப்பவருக்கு அது சரி, மலை முழுதும் சறுக்குபவருக்குச் சில சென்டிமீட்டர் பின்தள்ளுவது நல்லது. ரெயில் எனப்படும் உலோகக் கம்பிமேல் வழுக்குவதற்காகப் பாதத்தின் கீழுள்ள விளிம்பைக் கடையிலேயே மழுக்கித் தருவார்கள். பைண்டிங் விடுபடும் அளவை மட்டும் நண்பர்கள் பேச்சைக் கேட்டு இறுக்கக் கூடாது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டு கடைத் தொழில்நுட்பரே அதைக் கணக்கிட வேண்டும்.

பணத்தை முதலில் பூட்ஸுக்கும் ஹெல்மெட்டுக்கும் ஒதுக்குங்கள், அடுத்துப் பலகை, பிறகு கால்சட்டை. ஜாக்கெட்டைப் பழையதாகவே வாங்கலாம். சற்று வெளுத்த ஜாக்கெட்டுக்குப் பார்க்கில் மதிப்பு கூடுதல். பழைய பலகையானால் எஃகு விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம். ஒருமுறை பலமாக மோதியதில் உள்நுரை நசுங்கியிருந்தால் அது வெளியே தெரியாது.