புரொஃபசர்ஸ் ரிசர்ச்: கையைக் கழித்து 7 அட்டை எடுப்பது எப்போது?

வாசகர் கேள்வி: கைபேசியில் போகிமான் டிசிஜி பாக்கெட் ஆடிப் பழகிய நானும் என் மகனும் இப்போது அச்சு அட்டைகளை வாங்கி மேசையில் ஆடத் தொடங்கியிருக்கிறோம். பாக்கெட்டில் ‘புரொஃபசர்ஸ் ரிசர்ச்’ எந்த இழப்பும் இல்லாமல் 2 அட்டைகளைத் தந்தது. இங்கே அதே பெயருள்ள அட்டை, கையிலுள்ள அனைத்தையும் கழித்துவிட்டு 7 எடுக்கச் சொல்கிறது. நல்ல அட்டைகளை வீச மனம் வருவதில்லை. இதை அட்டைக் கட்டில் எத்தனை வைப்பது, எப்போது ஆடுவது? வெவ்வேறு பேராசிரியர்களின் படம் போட்டவற்றைத் தனித்தனியே நான்கு நான்காக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு விடை எளிது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். வைக்க முடியாது. 2020இல் வெளிவந்த சோர்ட் அண்ட் ஷீல்ட் தொகுதியில் பேராசிரியர் மக்னோலியாவின் படத்துடன் வந்த இந்த அட்டை, 2023இன் ஸ்கார்லெட் அண்ட் வயலெட் தொகுதியில் சாடா, டூரோ ஆகிய இருவரின் படங்களுடனும் அச்சானது. பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் வரும் பேராசிரியரின் பெயர் கணக்கில் சேராது. எல்லாமே ஒரே அட்டைதான், 60 அட்டைக் கட்டில் மொத்தம் நான்குக்கு மேல் கூடாது. போட்டிக்குப் போவதாக இருந்தால், அட்டையின் கீழ் இடது மூலையில் உள்ள சிறிய ஆங்கில எழுத்து அந்த ஆண்டின் ஸ்டாண்டர்ட் வகைப் போட்டியில் (அண்மைக்கால அட்டைகளை மட்டும் ஏற்பது) அனுமதிக்கப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆடுவதற்கு அந்தக் கவலை இல்லை.

இனி, வீச மனம் வராத சிக்கலுக்கு வருவோம். ரம்மியில் ஒவ்வொரு சீட்டாகக் கழித்துப் பழகிய நமக்கு, கை முழுவதையும் ஒரே முறையில் கழிப்பது பெரும் விரயமாகவே தோன்றும். ஆனால் இந்த அட்டையின் உண்மையான விலை கழித்த அட்டைகளில் இல்லை. இது ‘சப்போர்ட்டர்’ வகை அட்டை (உதவும் மனிதர்களின் படம் போட்டவை); தன் ஒரு முறைக்கு (டர்ன்) ஒருவர் ஒரே ஒரு சப்போர்ட்டரைத்தான் ஆடலாம் என்ற விதியில் இருக்கிறது. 1999இல் ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுதியின் ‘புரொஃபசர் ஓக்’ அட்டையும் இதையேதான் செய்தது: கையைக் கழி, 7 எடு. அப்போது சப்போர்ட்டர் என்ற வகையே கிடையாது. கையில் வந்த ஓக் அட்டைகளை ஒரே முறையில் அடுத்தடுத்து ஆட முடிந்தது. 2002இல் எக்ஸ்பெடிஷன் தொகுதியோடு சப்போர்ட்டர் வகை ஆங்கிலப் பதிப்பில் அறிமுகமான பிறகே, இத்தகைய வலிமைக்கு வரம்பு வந்தது. ஆகவே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘எதை இழக்கிறேன்?’ என்பதைவிட, ‘இந்த முறையின் ஒரே சப்போர்ட்டர் வாய்ப்பை இதற்குச் செலவிடலாமா?’ என்பதே.

இழப்பைக் குறைப்பது பெரும்பாலும் ஆடும் வரிசையைப் பொறுத்தது. புரொஃபசர்ஸ் ரிசர்ச்சை மேசையில் வைப்பதற்கு முன், கையிலிருந்து பயன்படுத்தக்கூடிய அனைத்தையும் பயன்படுத்திவிடுங்கள்: அந்த முறைக்குரிய ஓர் எனர்ஜியை (தாக்குதலுக்குத் தேவையான ஆற்றல் அட்டை) இணையுங்கள், பரிணமிக்க முடிந்ததைப் பரிணமிக்க விடுங்கள், நெஸ்ட் பால் இருந்தால் ஓர் அடிப்படைப் போகிமானைத் தேடி பெஞ்சில் (களத்தில் காத்திருக்கும் போகிமான்களின் வரிசை) அமர்த்துங்கள். அல்ட்ரா பால் அட்டையை ஆட வேறு 2 அட்டைகளைக் கழிக்க வேண்டும் என்பது சாதாரணமாகச் சுமைதான். எப்படியும் கையைக் கழிக்கப் போகும் முறையிலோ அந்தச் சுமை ஏறத்தாழ இல்லாமலே போகிறது, ஏனெனில் அந்த இரண்டும் அடுத்த நொடியில் கழிவுக் குவியலுக்குப் போக வேண்டியவைதான். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே, நீங்கள் ‘வீசியதாக’ நினைக்கும் அட்டைகளில் பெரும்பகுதி உண்மையில் பயன்பட்டிருக்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. பெஞ்சில் 5 இடங்களே இருக்கின்றன. வலிமை மிக்க சாதாரண ‘இஎக்ஸ்’ வகைப் போகிமான் வீழ்ந்தால் எதிராளி 2 பரிசு அட்டைகளை (தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒதுக்கிவைக்கும் 6 அட்டைகள்; தன்னுடையதை முழுதும் எடுப்பவர் வெல்வார்) எடுப்பார். கழிக்க மனமில்லை என்பதற்காக மட்டும் தேவையற்ற ஓர் இஎக்ஸை பெஞ்சில் வைப்பதைவிட, அதைக் கழிவுக் குவியலில் போடுவதே மேல். அங்கே போனது முற்றாக அழிந்ததும் இல்லை. நைட் ஸ்ட்ரெச்சர் ஒரு போகிமானையோ ஓர் அடிப்படை எனர்ஜியையோ கைக்கு மீட்டுத் தரும்; சூப்பர் ராட் அவற்றில் 3 வரை கட்டுக்குள் திருப்பிக் கலக்கும்; பால் பேட் 2 சப்போர்ட்டர்கள் வரை அவ்வாறே திருப்பும். கழிவுக் குவியலிலிருந்து எனர்ஜியை இணைத்துக்கொள்ளும் கட்டுகளுக்கோ, கழிப்பதே ஒரு வசதி.

எண்ணிக்கையைக் கணக்கோடு பார்க்கலாம். கட்டில் நான்கு வைத்தால், தொடக்கத்தில் எடுக்கும் 7 அட்டைகளில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 40 சதவீதம். இரண்டே வைத்தால் அது 22 சதவீதமாகக் குறைகிறது. நான்கு வைத்தும், அந்த 7 அட்டைகளில் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து வருவது 6 சதவீத அளவில்தான். அப்படி வரும்போது ஒன்றை ஆடினால் மற்றொன்றும் கழிந்துபோகும் என்பது உண்மைதான்; ஆனால் அந்தச் சிறிய ஆபத்துக்காக எண்ணிக்கையைக் குறைப்பது சரியான கணக்காகாது. இதோடு அயோனோ போன்று புதிய கையைத் தரும் இன்னொரு சப்போர்ட்டரையும் நான்கு சேர்த்தால், இரண்டாவதாக ஆடுபவர் தன் முதல் முறையில் காணும் 8 அட்டைகளில் இந்த எட்டில் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு சுமார் 70 சதவீதத்தைத் தொடுகிறது. முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் சப்போர்ட்டரே ஆட முடியாது என்பது மேசை ஆட்டத்தின் விதி. 2024இல் வந்த கார்மின் அட்டை இதற்கு விலக்கு: முதலில் ஆடுபவரும் அதை முதல் முறையிலேயே ஆடலாம், ஆனால் கையைக் கழித்து 5 அட்டைகளே கிடைக்கும்.

என் பரிந்துரை கட்டின் இயல்பைப் பொறுத்தது. அடிப்படைப் போகிமான்களை விரைவாக இறக்கித் தாக்கும் கட்டானால் தயங்காமல் நான்கு வையுங்கள். இரண்டாம் நிலைப் பரிணாமத்தை நம்பும் கட்டானால் ஒன்றிரண்டு போதும். ஏனெனில் அந்த முறையிலேயே இறக்கிய போகிமானின் மீது, அடிப்படையிலிருந்து நேரே இரண்டாம் நிலைக்குத் தாவ உதவும் ரேர் கேண்டியை ஆட முடியாது. ரேர் கேண்டியும் இரண்டாம் நிலைப் போகிமானான சரிசார்ட் இஎக்ஸும் கையில் அடுத்த முறைக்காகக் காத்திருக்க வேண்டிய நேரத்தில், கையைக் கழிக்கும் அட்டை உங்கள் திட்டத்தையே குலைக்கும். அத்தகைய கட்டுக்கு, ஓர் ஐட்டத்தையும் (ரேர் கேண்டியும் இவ்வகையே) ஒரு போகிமான் டூலையும் (போகிமானுடன் இணைக்கும் கருவி அட்டை) தேடித் தரும் ஆர்வென் என்ற சப்போர்ட்டர் இன்னும் பொருத்தமானது.

அயோனோவும் புரொஃபசர்ஸ் ரிசர்ச்சும் ஒன்றாகக் கையில் இருக்கும்போது எதை ஆடுவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அயோனோ ஆடினால் இருவரும் தத்தம் கையைக் கலைத்துக் கட்டின் அடியில் வைத்து, மீதமுள்ள பரிசு அட்டைகளின் எண்ணிக்கை அளவுக்கு எடுக்க வேண்டும். தொடக்கத்தில் எதிராளி தன் கையை ஆடித் தீர்த்து ஓரிரு அட்டைகளுடன் நிற்கையில் அயோனோ ஆடினால், அவருக்கு 6 புதிய அட்டைகளை நீங்களே வழங்கியதாகும்; அப்போது எதிராளியைத் தொடாத புரொஃபசர்ஸ் ரிசர்ச்சே சரி. மாறாக, அவருக்கு ஒரு பரிசு மட்டுமே மீதமிருந்து கை நிறைந்திருந்தால், அயோனோ அவரை ஒற்றை அட்டைக்குத் தள்ளிவிடும். பெஞ்சிலிருந்து எதிராளியின் போகிமானை முன்னே இழுக்கும் பாஸஸ் ஆர்டர்ஸும் சப்போர்ட்டர்தான். அதை ஆடி வெல்ல முடிகிற முறையில் 7 அட்டைகளின் ஆசை வேண்டாம்.

பாக்கெட்டிலிருந்து வருபவர் என்பதால் இன்னொன்றையும் எச்சரிக்க வேண்டும். அங்கே கட்டு தீர்ந்தால் ஆட்டம் தொடரும். மேசையிலோ, உங்கள் முறையின் தொடக்கத்தில் எடுக்க அட்டை இல்லையென்றால் தோற்றுவிடுவீர்கள். கட்டில் 7க்குக் குறைவாக இருக்கும்போதும் புரொஃபசர்ஸ் ரிசர்ச்சை ஆடி இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் அந்த முறையிலேயோ எதிராளியின் அடுத்த முறைக்குள்ளேயோ ஆட்டம் முடியாவிட்டால் கதை முடிந்தது. கட்டு மெலிந்துவிட்ட அத்தகைய நேரத்தில் அயோனோவே கைகொடுக்கும்: அதைத் தவிர 10 அட்டைகள் கையிலும் 2 பரிசுகள் மீதமும் இருக்கையில் ஆடினால், பத்தும் கட்டுக்குத் திரும்பி இரண்டு மட்டும் கைக்கு வருவதால், கட்டில் 8 அட்டைகள் கூடுகின்றன.