அந்தக் கல்லூரி சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள், ஐயா

போன சனிக்கிழமை நீங்களும் அம்மாவும் வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "பொண்ணோட எதிர்காலமே போயிடுமோன்னு பயமா இருக்கு சார்" என்பதுதான். கலந்தாய்வில் கேட்ட பிரிவுக்குக் கட்-ஆஃப் எட்டவில்லை. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் கிடைத்திருக்கிறது. உங்கள் தம்பியோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்' சேர்க்கச் சொல்லி தினமும் போன் செய்கிறார். வீட்டுப் பத்திரத்தோடு வங்கிக்கும் போய் வந்துவிட்டீர்கள். அன்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று வீட்டுக்குப் போனதும் தோன்றியது.

பத்திரத்தை பீரோவில் வையுங்கள். ரசீது தராமல் தனியாக ஒரு தொகை கேட்டார்கள் என்றீர்களே, அது நன்கொடை இல்லை. 1992-இலேயே தமிழ்நாடு சட்டம் போட்டுத் தடை செய்த வசூல். அதைக் கொடுத்து வாங்கும் படிப்பிலும் முதலில் வருவது கணக்கு, நிரலாக்கம், தரவுத்தளம்தான். இவற்றில் பெரும்பகுதி பி.எஸ்சி.யிலும் உண்டு. படிப்பின் பெயரில் ஏஐ என்று இருப்பதற்காக வீட்டைப் பணயம் வைக்கக் கூடாது.

பி.எஸ்சி. முடித்தால் வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., எம்.சி.ஏ. எல்லாம் உண்டு என்று உங்களுக்கே தெரியும், விடுகிறேன். நீங்கள் ஜெராக்ஸ் எடுக்கப் போன பத்து நிமிடத்தில், வெளி பெஞ்சில் இருந்த உங்கள் மகள் என்னிடம் ஒன்று சொன்னாள். அம்மாவின் மகளிர் குழுக் கடன் கணக்கை பைதான் என்ற நிரல் மொழியில் எழுதி வைத்திருக்கிறாளாம். "ஏஐகிட்ட கேட்டா, இந்தக் கணக்கைப் பார்த்து அதுவே பதில் சொல்ற மாதிரி செய்ய முடியுமா சார்?" என்று கேட்டாள். முடியும். அதையே வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏஐ மாடல் என்பது தனியாக விட்டால் எழுத மட்டுமே தெரிந்தது. யார் தவணை பாக்கி என்று சொல்ல, அது கணக்கைத் தொட வேண்டும். முன்பு ஒவ்வொரு ஏஐ செயலிக்கும், கணக்கு மாதிரி அது தொட வேண்டிய ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இணைப்பு எழுத வேண்டியிருந்தது. பத்து செயலி, இருபது கருவி என்றால் இருநூறு இணைப்பு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் எம்.சி.பி. (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்ற பொது நெறிமுறையை, அதாவது ஏஐயும் கருவிகளும் பேசிக்கொள்ள ஒரே விதிமுறையை வெளியிட்டது. இதில் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு முறை எழுதினால் போதும், பத்தும் இருபதும் சேர்ந்து முப்பதில் முடிந்துவிடும். சில மாதங்களிலேயே போட்டி நிறுவனமான ஓப்பன்ஏஐயும் இதை ஏற்றுக்கொண்டது. ஒரு ஏஐ முகவர் (சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ நிரல்) இன்னொரு முகவரிடம் வேலையை ஒப்படைக்க, 2025 ஏப்ரலில் கூகுள் ஏ2ஏ (ஏஜென்ட் டு ஏஜென்ட்) என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு முகவரும் தனக்கு என்னென்ன தெரியும் என்று ஓர் அட்டையில் எழுதி வைக்கும். மற்றது அதைப் படித்துவிட்டு அணுகும்.

உங்கள் மகள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கணக்குக்கு முன்னால் ஒரு சிறிய எம்.சி.பி. சர்வர், அதாவது ஏஐ கேட்டால் கணக்கைப் பார்த்துத் தரும் ஒரு நிரல். அதில் 'பாக்கி பார்', 'தவணை பதிவு செய்' என்று இரண்டு கருவிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர், என்ன தகவல் கொடுக்க வேண்டும், அது எதற்குப் பயன்படும் என்ற விளக்கம். அந்த விளக்கத்தைப் படித்துத்தான் ஏஐ எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவு செய்கிறது. அதனால் தெளிவாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இங்கே மதிப்பு உண்டு. அப்புறம் பாதுகாப்பு. படிக்கும் தரவுக்குள்ளேயே யாராவது ஒரு கள்ளக் கட்டளையை ஒளித்து வைத்தால், ஏஐ அதை உத்தரவு என்று நம்பிவிடலாம். பார்க்க மட்டும் அனுமதியா, எழுதவும் அனுமதியா, பணம் சம்பந்தப்பட்டதில் மனிதர் ஒருவர் சரி என்று சொன்ன பிறகுதான் நகர வேண்டுமா என்பதையெல்லாம் யோசித்து அமைப்பவர்கள் வேண்டும். பள்ளி முடித்து வந்த பெண், குழுப் பணக் கணக்கை யாரும் ரகசியமாக மாற்றிவிடக் கூடாது என்று பூட்டுப் போட்டு எழுதியிருக்கிறாள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

இந்த நெறிமுறைகள் நாளை மாறலாம். வேலை உறுதி என்று நான் எழுதித் தரவும் மாட்டேன். ஆனால் பைதான், ஜேசான் (தரவை எழுதும் ஒரு வடிவம்), எச்.டி.டி.பி. (இணையத்தில் கணினிகள் பேசிக்கொள்ளும் முறை), தரவுத்தளம், அடையாளச் சரிபார்ப்பு ஆகிய அடித்தளம் மாறாது; கல்லூரியில் அதை ஒழுங்காகப் படிக்கட்டும். எம்.சி.பி. சான்றிதழ் வகுப்பு என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விதிமுறை ஆவணமும் மாதிரி நிரல்களும் இணையத்தில் இலவசம். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நல்ல மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள். அவள் இப்போது சித்தப்பா மகனின் பழையதில்தான் எழுதுகிறாள்.

வெள்ளிக்கிழமை பணம் கட்டக் கடைசி நாள் என்றீர்கள். அதற்குள் இன்னொரு முறை வாருங்கள், தம்பியையும் அழைத்து வாருங்கள். ஆனால் இந்த முறை மகளை வெளி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். முதலில் அவள் அந்தக் கணக்கைத் திறந்து காட்டட்டும்.