ஆவர்த்தன அட்டவணையின் படிக்கட்டு எல்லைக்கோட்டை வண்ணமில்லாமல் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், உலோகம், அலோகம், உலோகப்போலி (இரண்டுக்கும் இடைப்பட்ட தன்மையுள்ளது) ஆகியவற்றை ஆவர்த்தன அட்டவணையின் வண்ணங்களை வைத்தே மனப்பாடம் செய்திருக்கிறாள். வண்ணமில்லாத அட்டவணையைக் கொடுத்தால் தடுமாறுகிறாள். இடப்பக்கம் இருக்கும் ஹைட்ரஜன் ஏன் அலோகம், உலோகத்தையும் அலோகத்தையும் பிரிக்கும் படிக்கட்டு வடிவக் கோட்டை ஒட்டியிருக்கும் அலுமினியம் ஏன் உலோகம் என்று கேட்கிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது? (ஒரு தாய், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்)

பதில்: வண்ணத்தை விட்டுவிட்டு, ஓர் அணு தன் வெளிக்கூட்டு எலக்ட்ரானை (கருவைச் சுற்றியுள்ள அடுக்குகளான கூடுகளில் கடைசியில் இருப்பதை) எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று மட்டும் தங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். எளிதில் விட்டுக்கொடுப்பது உலோகம். விடாமல் பிடித்துக்கொண்டு, மற்ற அணுவிடமிருந்தும் வாங்கிக்கொள்ளப் பார்ப்பது அலோகம்.

ஒரு தொடரில் (கிடை வரிசையில்) இடமிருந்து வலமாகப் போகப்போக அணுக்கருவின் நேர்மின்சுமை கூடுகிறது; எலக்ட்ரான்களோ அதே கூட்டில்தான் சேர்கின்றன; ஆகவே பிடி இறுகுகிறது. மூன்றாம் தொடரின் தொடக்கத்தில் உள்ள சோடியத்தில் ஒரு மோல் (வேதியியலில் அணுக்களை எண்ணும் ஓர் அளவு) அணுக்களிலிருந்து ஆளுக்கோர் எலக்ட்ரானைப் பிரிக்க ஏறத்தாழ 496 கிலோஜூல் போதும். அதே தொடரில் வலப்பக்கம் உள்ள குளோரினுக்கு 1251 கிலோஜூல் வேண்டும். மாறாக, ஒரு தொகுதியில் (செங்குத்து வரிசையில்) கீழே இறங்கினால் கூடுகள் பெருகி, வெளி எலக்ட்ரான் கருவைவிட்டு விலகிப்போவதால் பிடி தளர்கிறது. ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்து ஒரு கட்டம் கீழே இறங்கும்போது இந்த இறுக்கமும் தளர்ச்சியும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. எல்லைக்கோடு நேராக நிற்காமல் படிபடியாகச் சரிந்து இறங்குவது இதனால்தான். இந்த ஓரிடத்தில் அரைமணி நேரம் செலவிட்டாலும் தகும்.

மந்த வாயுக்களை விட்டுவிட்டால், பிடி மிக இறுகிய வலது மேல்மூலையில் ஃபுளூரின் இருக்கிறது. தங்கள் மாவட்டத்தில் அதைத் தனியே நினைவூட்டவேண்டியதில்லை. பாறைத் தாதுக்களிலிருந்து கரைந்து கிணற்று நீரில் சேர்ந்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைக்கப்பட்டுள்ள ஃபுளோரைடு, எலக்ட்ரான் ஒன்றை வாங்கிக்கொண்ட ஃபுளூரினே.

கீழிறங்கும் மாற்றத்தைக் கண்ணால் காட்ட 14ஆம் தொகுதி போதும். உச்சியில் கார்பன், அடுப்புக்கரியைத் தட்டினால் நொறுங்கிவிடும். அடுத்த சிலிக்கான் உலோகம்போல் பளபளக்கும், ஆனால் அடித்தால் உடையும், மின்சாரத்தை ஓரளவே கடத்தும், ஜெர்மானியமும் அப்படியே. அதற்கும் கீழே வெள்ளீயம், காரீயம். மின்சாதனம் பழுதுபார்க்கும் கடையில் ஒரு விரல் நீளம் சால்டரிங் ஈயக் கம்பி வாங்கி வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உடையாமல் வளையும். (தொட்டபின் கையைக் கழுவவேண்டும்.) கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் துண்டு கிடைத்தால், அதில் கண்ணாடிபோல் மின்னும் குவார்ட்ஸ் துகளைக் காட்டுங்கள், உலோகப்போலியான சிலிக்கானும் அலோகமான ஆக்சிஜனும் சேர்ந்த பொருள் அது.

ஹைட்ரஜனுக்கு ஒரே எலக்ட்ரான் என்பதால் அது முதல் தொகுதியின் தலையில் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் இடையில் வேறு கூடு இல்லாமல் அந்த எலக்ட்ரான் கருவின் அருகிலேயே இருப்பதால், அதைப் பிரிக்க 1312 கிலோஜூல் வேண்டும்; குளோரினையும் மிஞ்சும் அளவு. அலுமினியத்துக்கு 578 தான். கம்பியாக நீளும், தகடாகும், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதாலேயே ஒரு தனிமம் உலோகப்போலி ஆகிவிடாது.

3 முதல் 12 வரையுள்ள தொகுதிகளும், அடியில் தனியே உள்ள இரண்டு வரிசைகளும் உலோகங்களே என்பதால் அங்கே குழப்பமில்லை.

இனி வெற்று அட்டவணையில் அவளே கோடு வரையட்டும். போரானின் இடப்பக்கம் தொடங்கி, அதன் அடியில் வலப்பக்கம் திரும்பி, அலுமினியத்துக்கும் சிலிக்கானுக்கும் நடுவே இறங்கி, சிலிக்கானின் அடியில் மறுபடி வலப்பக்கம் திரும்பி, இப்படியே பொலோனியத்துக்கும் அஸ்டட்டைனுக்கும் இடைவரை போகவேண்டும். கோட்டின் இருபுறமும் உள்ள போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆண்டிமனி, டெலூரியம் ஆகிய ஆறையும் பொதுவாக எல்லோரும் உலோகப்போலிகள் என்பர். பொலோனியம், அஸ்டட்டைன் இரண்டிலும் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. தேர்வில் தன் பாடநூலில் உள்ளபடியே எழுதட்டும்.