யாரும் தீ வைக்காமலே பற்றும் நிலக்கரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஜார்க்கண்ட் மாநிலம் ஜாரியாவில் நூறு வருடத்துக்கும் மேலாக நிலத்தடியில் நெருப்பு எரிகிறதாமே? யாரும் தீ வைக்காமல் கரி எப்படிப் பற்றிக்கொள்ளும்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: அங்கே முதல் தீ பதிவானது 1916-ல், இன்னும் அணையவில்லை. ஈர வைக்கோலைப் போர் போட்டால் சில நாளில் உள்ளே கை வைக்க முடியாமல் கொதிக்கும், பார்த்திருப்பீர்கள். கரியில் காரணம் வேறு, ஆனால் உண்டான சூடு வெளியே போக வழியில்லாமல் சேர்வது இரண்டுக்கும் பொது. கரி காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுக்கும், அப்போது கொஞ்சம் சூடு பிறக்கும். நல்ல காற்றோட்டம் இருந்தால் காற்றே அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும், காற்றே இல்லையென்றால் சூடு பிறக்கவே பிறக்காது. இரண்டுக்கும் நடுவில், கசிந்து கசிந்து காற்று வரும் இடம்தான் ஆபத்து. கரியை வெட்டியெடுத்துவிட்டுக் கைவிட்ட வெற்றிடத்தில், உதிர்ந்த தூளுக்கும் நொறுங்கிய தூண்களுக்கும் இடையே நடப்பது இதுதான். ஜாரியாவில் கரி மேலாகவே கிடக்கிறது. பழைய காலத்தில் தோண்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள், மேலே நிலம் உள்வாங்கி விரிசல் விட்டது, அதன் வழியே காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த மண்மேல்தான் குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு குடியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

கேள்வி: முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா? (சேலம் வாசகர்)

பதில்: முடியும். முதலில் கரியின் குணத்தைப் பார்க்க வேண்டும். கரித்தூளை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு, திரவத் தொட்டிக்குள் வைத்து மெதுவாகச் சூடேற்றி உள்ளே காற்றை விடுவார்கள். ஆரம்பத்தில் தொட்டிதான் அதிகச் சூடாக இருக்கும், ஒரு கட்டத்தில் கரி அதை முந்திவிடும். அந்த வெப்பநிலை 120 முதல் 140 டிகிரி செல்சியஸுக்குள் வந்தால் எளிதில் பற்றும் கரி, 160-ஐத் தாண்டினால் பயம் குறைவு என்பது இந்தியாவில் வழக்கமான கணக்கு. முதிராத கரிக்குத்தான் இந்தக் குணம் அதிகம், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் அந்த வகைதான் (அங்கே சுரங்கம் திறந்தவெளி, அது வேறு விஷயம்).

சுரங்கத்துக்குள்ளே பார்க்க வேண்டியது கார்பன் மோனாக்சைடு. ஆனால் அதன் அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் காற்றைக் கூட்டினால் அது நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும். அதனால் எவ்வளவு மோனாக்சைடு வந்தது என்பதை, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்பதால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். இதற்கு கிரஹாம் விகிதம் என்று பெயர். ஆக்சிஜன் 0.5 சதவீதம் குறைந்து, மோனாக்சைடு பத்து லட்சத்தில் 20 பங்கு, அதாவது 0.002 சதவீதம் என்றால் விடை 0.4. அதே குறைவில் அடுத்த வாரம் 60 பங்கு வந்தால் 1.2 ஆகிவிடும், அப்போது உள்ளே எங்கோ சூடேறுகிறது என்று வைத்துக்கொண்டு உடனே தேட வேண்டும். ஒரு நாள் எண்ணைவிட அது ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம். டீசல் வண்டிப் புகையிலும் மோனாக்சைடு உண்டு, அதைக் கழித்துத்தான் பார்க்கணும். அனுபவசாலிகள் சுவர் வியர்ப்பதையும் பெட்ரோல் மாதிரி ஒரு வாடை வருவதையும் வைத்தே சந்தேகப்படுவார்கள். அந்தப் பேச்சை எந்த அதிகாரியும் தள்ளிவிடக் கூடாது என்பேன்.

கேள்வி: தண்ணீர் ஊற்றி அணைத்தால் என்ன? தடுக்க வழியே இல்லையா? (மதுரை வாசகர்)

பதில்: செக்கச்செவேலென்று கனலும் கரியில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனும் மோனாக்சைடும் கிளம்பும், அடைபட்ட இடத்தில் அது வெடிக்கலாம். பற்றுவதற்கு முன்னால் தடுப்பதுதான் வழி, அது சுரங்கத்துக்கு வரைபடம் போடும்போதே தொடங்க வேண்டும். ஒரு பகுதியில் வெட்ட ஆரம்பித்து எத்தனை மாதத்தில் சூடேறும் என்பது அந்தக் கரியின் பழைய அனுபவத்திலிருந்து ஓரளவு தெரியும், அதற்குள் வெட்டி முடித்துச் சுவர் எழுப்பி மூடிவிடும் அளவுக்குத்தான் பகுதியைப் பிரிக்கணும். பேராசைப்பட்டுப் பெரிதாக வைத்தால் அப்புறம் காலம் போதாது. உள்ளே உதிரிக் கரியை விடாமல் அள்ளுவது, வெற்றிடத்தை மணலால் நிரப்புவது, நைட்ரஜன் செலுத்துவது, சுவரின் இரண்டு பக்கமும் காற்றழுத்தத்தைச் சமமாக வைத்துக் கசிவை நிறுத்துவது, இதெல்லாம் கூடவே நடக்க வேண்டும். தீப்பிடித்த பகுதியை மூடும்போது உள்ளே மீத்தேன் சேர்ந்து வெடிக்கும் அளவுக்கு வரலாம், அதனால் மூடியதும் ஆட்கள் எல்லோரும் விலகிவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தாலோ புதுக்காற்று போய் மறுபடியும் பற்றிக்கொள்ளும், உள்ளே கரி ஆற மாதக்கணக்கில், சில இடத்தில் வருடக்கணக்கில் ஆகும்.