டிராயரில் கிடக்கும் 3டிஎஸ்ஸும் கையில் இருக்கும் ஸ்விட்ச்சும்

கேள்வி: பழைய நின்டெண்டோ 3டிஎஸ் (கையடக்க வீடியோ கேம் கருவி) ஒன்று பல வருடமாக டிராயரில் கிடக்கிறது. அதே கம்பெனியின் பிந்தைய கருவியான ஸ்விட்ச்சும் இருக்கிறது, அதில்தான் நண்பர்களோடு ஆன்லைனில் ஆடுகிறேன். இரண்டையும் மாட் பண்ணிவிடு, அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைத்து அது அனுமதிக்காத மென்பொருளையும் ஓட வை, என்கிறான் ஒரு நண்பன். பண்ணலாமா, கெட்டுப்போகுமா?

பதில்: 3டிஎஸ்ஸைப் பண்ணுங்கள், ஸ்விட்ச் பக்கம் போகாதீர்கள்.

3டிஎஸ்ஸில் பறிபோக இனி பெரிதாக ஒன்றும் இல்லை. 2023 மார்ச்சில் அதன் ஆன்லைன் கடையான இ-ஷாப்பில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 ஏப்ரலில் ஆன்லைன் ஆட்டத்தையும் மூடிவிட்டார்கள். வாரண்டி எப்போதோ முடிந்திருக்கும். கிடைப்பதோ நிறைய. காசு கொடுத்து வாங்கிய கேம்களையும், மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த சேவ்களையும் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைக்கலாம், வேறு நாட்டுக்கென்று விற்ற கார்ட்ரிட்ஜும் ஓடும். என்னைக் கேட்டால் அந்த சேவ் நகலுக்காகவே பண்ணலாம்.

கெட்டுப்போகுமா என்றால், போகலாம். பெரும்பாலும் அவசரக்காரர்களுக்குத்தான். பழைய வீடியோவில் பாதி, புதிய வழிகாட்டியில் பாதி என்று கலந்து செய்வது, நடுவில் சார்ஜ் தீர்ந்துபோவது, இப்படி. எதையாவது நோண்டும் முன் நேண்ட் பேக்கப் எடுத்துவிடுங்கள், அதாவது கருவியின் உள் நினைவகம் மொத்தத்தின் நகல். சுமார் ஒரு ஜிபி வரும். அதை எஸ்டி கார்டிலேயே விட்டுவைத்து, கார்டு போனதும் தலையில் கை வைப்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டரில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று வையுங்கள். அடுத்தவர் கருவியின் பேக்கப் உங்களுடையதற்கு உதவாது.

அப்படியும் கருவி செத்துவிட்டால்? அதற்கும் ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. மூடி மூடியிருக்கிறதா என்று 3டிஎஸ் காந்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. பொருத்தமான ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜை, அதாவது நாமே மென்பொருள் ஏற்றிக்கொள்ளக்கூடிய கார்ட்ரிட்ஜைச் செருகி, சென்சார் இருக்கும் இடத்தில் சின்னக் காந்தத்தை வைத்தால் மூடி மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஸ்டார்ட், செலக்ட், எக்ஸ் பட்டன்களோடு பவரையும் அழுத்தினால், கெட்டுப்போன நேண்டைத் தொடாமல் கார்ட்ரிட்ஜிலிருந்தே கிளம்பும்.

ஸ்விட்ச் கதை வேறு. 2018-இல் அதன் சிப்பில் ஒரு ஓட்டை வெளியானது, அப்டேட்டால் அடைக்கவே முடியாத ஓட்டை, ஆனால் அது ஆரம்பகாலக் கருவிகளில் மட்டும். அதன்பின் வந்தவற்றுக்குப் பலகையில் சிப் வைத்துச் சால்டர் பண்ண வேண்டும், கை நடுங்கினால் கருவியே போச்சு. எல்லாம் சரியாக முடிந்தாலும் நின்டெண்டோ கண்டுபிடித்தால் ஆன்லைனுக்குத் தடை. அந்தத் தடை கருவிக்கே விழும், வேறு கணக்கில் நுழைந்தாலும் தீராது. எமுஎம்எம்சி போட்டு, அதாவது உள் நினைவகத்தின் நகலை எஸ்டி கார்டில் வைத்து, மாட் வேலைகளை அதில் மட்டும் ஓட்டிச் சமாளிக்கிறார்கள்தான். ஒருநாள் மறந்து அந்த நகலிலிருந்து நெட்டில் இணைந்தால் போதும், மாட்டிக்கொள்ளலாம். நண்பர்களோடு ஆடுவதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் இது எதற்கு?

காசு கொடுக்காமல் கேம் இறக்கலாம் என்பதற்காகத்தான் நண்பர் சொல்கிறார் என்றால் அது திருட்டுத்தான், அதற்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள். சில நாடுகளில் பூட்டை உடைப்பதே சட்டப்படி குற்றம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, பல வருடம் கிடந்த கருவி. சார்ஜரில் போடும் முன் பின்மூடியைக் கழற்றி பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.