வேலைக்கு இடைவெளி விட்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பயணம்: எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம்?

மூன்று மாதம் கையில் இருக்கிறது, இந்தியாவுக்குள் எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பட்டியலை ஒதுக்கிவிட்டு முதலில் மழையைப் பாருங்கள். அந்த மாதங்களில் கேரளம், கோவா, மேகாலயா எல்லாம் நனைந்து கிடக்கும். மழை மேகங்களை மலைகள் தடுத்துவிடும் இமயமலையின் மழைமறைவில் இருக்கும் லடாக்குக்கும் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கும் அதுதான் சீசன்.

நான் ஸ்பிட்டியைத்தான் சொல்வேன். லடாக்கின் முக்கிய ஊரான லே சுமார் 3,500 மீட்டர் உயரம், காற்று மெலிந்திருக்கும். விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வெடுக்க வேண்டும். ஸ்பிட்டிக்கோ சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டம் வழியாக அரசுப் பேருந்திலேயே ஏறிப் போகலாம். வழியில் ரெக்காங் பியோ ஊரில் இரண்டு நாள், 996-ல் எழுந்த பௌத்த மடம் இருக்கும் தாபோவில் நாலைந்து நாள், அப்புறம் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசா. இப்படிப் போனால் உடம்பு உயரத்துக்கு மெல்லப் பழகிவிடும். பத்து நாள் லீவில் வருபவருக்கு இது வாய்க்காது, உங்களுக்கு வாய்க்கும். ஆகஸ்டில் அங்கே வயல்களில் பச்சைப் பட்டாணி பறிப்பார்கள். தோலை உரித்து அப்படியே வாயில் போட்டால் அவ்வளவு இனிப்பு!

ஒன்று மட்டும்: கின்னௌர்ப் பாதையில் மழைக்காலத்தில் மண்சரிவு வரும். திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள்.